பஸ் திரும்பும் இடம்

14 செப்டம்பர் 2011, புதன்

ஃபேன் பெல்ட் மறுபடியும் அறுந்து மூன்றாவது டிரிப் போச்சு. சந்தைக்குக் கிழங்குக் கூடையோடு கிளம்பிய பெண்கள் பாதி வழியில் இறங்கி வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இருபது வருஷமாக இந்தத் தீவில் இந்த மர பஸ்ஸை ஓட்டுகிறேன், திட்டு எனக்குப் புதிதில்லை.

சாயங்காலம் என் மகன் எனோசா வழக்கமான இடத்தில் ஏறவில்லை. அடுத்த நிறுத்தத்தில் செமுவோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேர் மேலும் சிகரெட் நெடி. வண்டியில் நெரிசல். ஏறின வேகத்தில் கிடைத்த சீட்டை ஒரு பெரியவருக்கு விட்டுவிட்டு, செமு தரையில் குந்தினான். நான் கண்ணாடியில் பார்க்கிறேன் என்று தெரிந்து செய்ததாகத்தான் இருக்கும்.

என் மகனுக்குப் பதினேழு. சூட்டிகையான பிள்ளை. டிசம்பர் பரீட்சையில் தேறினால் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நியூசிலாந்தில் இருக்கும் என் தம்பி சொல்லியிருக்கிறான். செமுவுக்குப் பதினெட்டு, ஒரே வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். தாய் இல்லை. தகப்பன் அஃபேலே கிழங்குத் தோட்டமே கதி என்று கிடப்பவன், குடும்பத் தலைவர் பட்டம் கட்டப்படாதவன். ஊர்ச் சபையில் நாங்கள் பட்டக்காரர்கள் தூணில் சாய்ந்திருக்க, அவன் பின்னால் உட்கார்ந்து எங்களுக்குக் குடிக்கக் காவா வேரைக் கலக்குவான்.

செமு எங்கள் வீட்டு அடுப்பில் தின்று வளர்ந்தவன்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: என் பிள்ளை கெட்டால் அவனால்தான் கெடும்.

18 செப்டம்பர், ஞாயிறு

போதகர் இன்று கெட்ட சகவாசத்தைப் பற்றிப் பேசினார். முன் வரிசையில் இருந்த செமுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு என் பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். தேங்காய்ப்பாலில் மீன், ஈரப்பலா, சேப்பங்கிழங்கு. வயிறு நிறைந்ததும் வழக்கம்போல என் புருவத்துத் தழும்பைக் காட்டி, "அந்தக் கதையைச் சொல்லு லேமானா" என்றார்கள்.

சொன்னேன். நாங்கள் கடற்கரைப் பள்ளிக்கூடம், அவர்கள் மலைப்பள்ளிக்கூடம். பேக்கரி முக்கில் அவர்கள் பஸ் திரும்பும். "அங்க வண்டி நின்ன மாதிரிதான். குறி தப்பவே தப்பாது." ஒரே கல்லில் பலகை பெயர்ந்தது, ஆறு பேர் இறங்கித் துரத்தினான்கள், ஆறு பேரையும் ஒற்றை ஆளாக நின்று சமாளித்தேன், அதில் ஒருத்தன் கொடுத்தது இந்தத் தழும்பு. எனோசா ஐம்பது தடவை கேட்டிருப்பான். நான் விட்ட இடத்தை அவனே எடுத்துக் கொடுக்கிறான். கண்ணெல்லாம் வெளிச்சம்.

செமு இளநீர் சீவிக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. உம்மணாமூஞ்சி.

கதை இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் மனைவி எசெதா "சாப்பிடுங்க, ஆறுது" என்பாள். இன்றும் சொன்னாள்.

27 செப்டம்பர், செவ்வாய்

பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் அடிதடி. எனோசா சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. விளையாட்டில் போனது என்றான்.

5 அக்டோபர், புதன்

இன்று மத்தியானம் மலைப்பள்ளி பஸ் மேல் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளைக்குக் கண்ணில் பட்டுவிட்டது. லித்தியா என்று பெயராம், பதினாலு வயசு. கூட்டமான வண்டி, அக்காவின் மடியில் உட்கார்ந்திருந்தது. மடியில் உட்கார்ந்தால் தலை சரியாக ஜன்னல் உயரத்துக்கு வரும். எங்கள் வண்டி ஜன்னல்களில் கண்ணாடி ஏது. சின்னவர்கள் மடியில் உட்கார வேண்டும் என்று என் வண்டியில் நானே அதட்டி உட்கார வைக்கிறேன். இடது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிரைவர் சொன்னான்.

எங்கே என்று கேட்டேன். பேக்கரி முக்கு என்றான்.

வண்டியை எடுத்தேன்.

எனோசா வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருந்தான். நன்றாகச் சாப்பிட்டான். செமு சாப்பிட வரவில்லை.

6 அக்டோபர், வியாழன்

நான் சொன்னேனா இல்லையா.

போலீஸ் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. எறிந்தவன் எழுந்திருக்காவிட்டால் வகுப்பு மொத்தத்துக்கும் பரீட்சை கிடையாது என்று தலைமையாசிரியர் சொன்னாராம். செமு எழுந்திருக்கிறான். எனோசாதான் வந்து சொன்னான், கைலியை மடித்து வைத்துக்கொண்டே.

அஃபேலேயை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பெற்றால் போதுமா, கண்காணிக்க வேண்டாமா?

7 அக்டோபர், வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது.

மத்தியானம் அஃபேலே வந்தான். விசாரணை வரும் வரைக்கும் மகனை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நாளை விடிகாலை அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய், மன்னிப்புக் கேட்டுத் தலையோடு பாயைப் போர்த்திக்கொண்டு உட்காரப் போகிறார்களாம், தகப்பனும் மகனும். மன்னித்தால் அந்த வீட்டார் பாயைத் தூக்கித் தாங்களே வைத்துக்கொள்வார்கள், அதுதான் எங்கள் முறை. அவர்களுக்காக உட்கார வேண்டிய அஃபேலேயின் குடும்பத் தலைவர் ஆக்லாந்தில் இருக்கிறார், வர முடியாது. அவன் வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க வீட்ல இருக்கிறதெல்லாம் படுக்கிற பாய்தான் லேமானா. அதைப் போத்திக்கிட்டுப் போனா அவங்களை இன்னொரு தரம் அவமானப்படுத்துற மாதிரி."

நான் எங்கள் பெரிய பாயைத் தருகிறேன் என்றேன். எனக்குப் பட்டம் கட்டிய அன்று விரித்த பாய். துணியாக மடங்கும், ஓரம் முழுக்கச் சிவப்புச் சிறகு. எலி கடித்த மூலையை எசெதா போன வருஷம் பின்னிச் சேர்த்தாள், அவள் பின்னல் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். வண்டியும் எடுத்து வருகிறேன் என்றேன். அஃபேலே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

சாயங்கால ஜெபம் முடிந்து சாப்பிடும்போது எனோசாவுக்குப் புத்தி சொன்னேன். பார்த்தாயா, செமு மாதிரிச் சகவாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்று.

அவன் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"செமு எறியலப்பா."

"பின்ன யாரு?"

"நான்தான்."

மீன் துண்டை யார் எடுத்தது என்று கேட்டால் சொல்லும் குரல். அப்புறம் அவனாகவே சொன்னான். செமு கையைப் பிடித்து இழுத்தானாம், இவன் உதறிவிட்டு எறிந்தானாம். "நீங்க சொன்ன அதே முக்குதான். நிஜமாவே வண்டி அங்க நின்ன மாதிரி ஆகுதுப்பா."

ஏன்டா எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன்.

"எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவன் எந்திரிச்சுட்டான். அவங்க வீட்டுல அப்பிடித்தான். கூடப் பொறந்தவனா நெனைச்சவனை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு அவங்கப்பா சொல்லிச் சொல்லியே..."

தோளைக் குலுக்கினான்.

சுவர் இல்லாத வீடு. அந்தப் பக்கம் பாயை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்த எசெதாவின் கை நின்றது. வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பாயைக் குடுக்கிறதுன்னா நீங்களும் உங்க மகனும் அதுக்கடியில போய் உட்காருங்க. இல்லேன்னா குடுக்காதீங்க."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு" என்றேன்.

இதுதான் என் வாயில் வந்தது. ஒரு பெண்பிள்ளைக்குக் கண் போயிருக்கிறது, எனக்கு வாயில் பரீட்சை வருகிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் கல் எறியவே இல்லை. அன்று மற்ற பையன்கள் எறிந்தபோது சந்தைக்குள் ஓடி மீன் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். தழும்பு ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்ததில் வந்தது. எசெதாவுக்குத் தெரியும், என் அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் சொன்ன பொய்யில் என் பிள்ளை முக்கையும் குறியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அஃபேலே வீடு இங்கிருந்து எட்டு நிமிஷ நடை.

8 அக்டோபர், சனி

போனேன். வண்டியோடு போனேன்.

நாலரைக்கு அஃபேலேயும் செமுவும் ஏறினார்கள். ஒரு கட்டு விறகு, ஒரு கூடை அடுப்புக் கல். எங்களைச் சுட்டுத் தின்றாலும் சரி என்று சொல்வதற்கு அது. எனோசா நானும் வருகிறேன் என்று வந்து கடைசி சீட்டில் உட்கார்ந்தான். ஒரு கணம், அங்கே இறங்கி அவர்களோடு உட்காரத்தான் வருகிறானோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

இருட்டு பிரிவதற்குள் அவர்கள் வாசல் சரளையில் போய் உட்கார்ந்து பாயை இழுத்து மூடிக்கொண்டார்கள். நான் சாலைக்கு இந்தப் பக்கம் எஞ்சினை அணைத்தேன். ஆறு மணிக்கு மழை. பாய் நனைந்து அவர்கள் தலையோடு ஒட்டியது. ஊர்க்காரர்கள் எழுந்து பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்வையில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சுவர் இல்லையே, ஆனால் யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏழரைக்குப் பெண்ணின் தகப்பன் பௌலி வெட்டுக்கத்தியோடு இறங்கி வந்தார். பாய்க்கு மேல் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை கதவுப் பிடியில் இருந்தது. அந்தக் கத்தி இறங்கினால் என் பாய்க்குள்தான் இறங்கும், என் மகன் மேல் இல்லை. அப்படி நினைத்தேன். நினைத்து நிம்மதிப்பட்டேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அவர் உள்ளே போய்விட்டார். ஒன்பதரைக்கு மறுபடி வந்தபோது கையில் கத்தி இல்லை. பாயைத் தூக்கினார். அஃபேலேயைக் கைத்தாங்கலாக எழுப்பினார், இரண்டு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் அழுதார்கள். செமு முழங்காலிலேயே இருந்தான். பெண்ணின் தாய் அவனுக்கும் கோகோ கொண்டுவந்து வைத்தாள்.

பௌலி வண்டிக்கே வந்து எனக்குக் கை கொடுத்தார். "பாய் உங்களுதாமே. அடுத்தவன் பிள்ளைக்காக யாரு இப்பிடிச் செய்வா." பக்கத்தில் நின்ற எனோசாவின் தோளையும் தட்டினார். எனோசா தலை குனிந்து நன்றி சொன்னான். மிக மரியாதையாகச் சொன்னான்.

திரும்பும் வழியில் என் காதருகே வந்து, "முடிஞ்சிருச்சில்லப்பா?" என்றான்.

9 அக்டோபர், வெள்ளை ஞாயிறு

பிள்ளைகளின் நாள். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்பில். எனோசா பத்துக் கட்டளைகளை ஒப்பித்தான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற ஒன்பதாவதிலும் தடுமாறவில்லை. போதகர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று பிள்ளைகள் முதலில் சாப்பிட வேண்டும், பெற்றவர்கள் பரிமாற வேண்டும். நான் என் மகனுக்குப் பரிமாறினேன். எசெதா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு அஃபேலே வீட்டுக்குப் போனாள்.

18 நவம்பர், வெள்ளி

மூன்று வருஷம்.

குடும்பம் போய்ப் பணிந்ததால் குறைத்திருக்கிறேன் என்றார் நீதிபதி. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று செமுவைக் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினான். எனோசா பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சபையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன். எழுந்து நாலு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு?

3 டிசம்பர், சனி

அஃபேலே ஒரு கூடை வள்ளிக்கிழங்கு சுமந்துகொண்டு வந்தான், பாய்க்கு நன்றி சொல்ல. அந்தப் பாய் இல்லாவிட்டால் ஐந்து வருஷம் போட்டிருப்பார்களாம். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டுமா லேமானா? நான் அவனைக் கை நீட்டி அடிச்சதுகூட இல்ல. எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. உங்க பிள்ளையும் அவன்கூடத்தானே வளந்தான், அவன் எப்பிடி இருக்கான் பாருங்க."

"சகவாசம்தான் அஃபேலே" என்றேன்.

ஐயோ. அப்படித்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

28 டிசம்பர், புதன்

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இன்று வண்டி கழுவும் இடத்தில் எனோசாவைப் பிடித்து உட்கார வைத்தேன். அஃபேலேயிடம் போவோம், நீயும் நானும், அப்புறம் ஸ்டேஷனுக்கு என்றேன்.

"எதுக்கு?"

எதுக்காம்.

"பாய் நம்மளோடதுதானப்பா? நம்ம வண்டிலதான் போனோம். அவங்க பாயை எடுத்துட்டாங்க, கை குடுத்தாங்க. அப்புறம் என்ன?"

பாய்க்கடியில் செமு உட்கார்ந்தது உன் இடத்துலடா என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. வாளியைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு நீங்க இறங்கல. நீங்க இறங்கியிருந்தா நானும் இறங்கியிருப்பேன். கடைசி சீட்லேர்ந்து உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கதவுல கை வச்சீங்க. எடுத்துட்டீங்க."

வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினேன். பிறகு சொன்னேன், வெள்ளிக்கிழமை போறோம், நீ வந்தாலும் சரி வராட்டியும் சரி, நான் போறேன்.

மனசு லேசாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை.

29 டிசம்பர், வியாழன்

எசெதாவிடம் சொன்னேன், நாளைக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று. துவைத்த துணியை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு எந்த வெள்ளி?"

தேதிக் கோட்டுக்கு மறுபக்கம் போவதற்காக எங்கள் தீவு நாட்டின் தேதியை மாற்றுகிறார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இருக்கும் நாளுக்கு நாங்களும் போகிறோம். இன்று வியாழன் படுத்தால் சனி எழுந்திருப்போம், நடுவில் வெள்ளி கிடையாது. ரேடியோவில் மாதக்கணக்காகச் சொல்கிறார்கள், கோவிலில் சொன்னார்கள். '30ஆம் தேதி பஸ் இல்லை, நாளே இல்லை' என்று என் வண்டிக் கதவில் நானே எழுதி ஒட்டியதைப் பார்த்து ஊரே சிரித்தது.

என் கையாலேயே எழுதினேன். அப்புறம் தெரியாமலா வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்?

30 டிசம்பர், வெள்ளி

இல்லை.

31 டிசம்பர், சனி

புது வருஷம் பிறக்கும் நேரத்தில் யார் வீட்டுக்கும் போய் இதைச் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை பார்க்கலாம்.

எனோசா எதுவும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

6 பிப்ரவரி 2012, திங்கள்

எனோசா தேறவில்லை. தம்பி போனில் பேச்சை மாற்றினான். இதற்காகத்தான் எல்லாம்.

19 ஜூன்

அஃபேலே மாதம் ஒரு தடவை சிறைக்குப் போகிறான், என் வண்டியில்தான். டிரைவருக்குப் பின் சீட்டில் மடியில் பொட்டலத்தோடு உட்காருவான். கண்ணாடியில் அவன் தெரியாதபடி திருப்பி வைத்திருக்கிறேன். பின்னால் வரும் வண்டியும் தெரிவதில்லை.

14 ஆகஸ்ட் 2013, புதன்

அஃபேலே செத்துப்போனான். தோட்டத்தில், வரப்பில் உட்கார்ந்தபடியே. நெஞ்சுவலியாம். ஒரு வருஷத்துக்கு மேல் இந்த நோட்டைத் தொடவில்லை. எழுத என்ன இருந்தது. எனோசா இரண்டாவது வண்டியை ஓட்டுகிறான், கோவிலில் வாலிபர் சங்கத் தலைவன், எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். நான் சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆளும் இல்லை.

17 ஆகஸ்ட், சனி

அடக்கம்.

பௌலி குடும்பம் முழுக்க வந்தது. அவர்கள் கொண்டுவந்த பாயைப் பெண்கள் நாலு பேர் விரித்துப் பிடித்து முற்றத்தில் நடந்து வந்தார்கள், கூட்டம் வழக்கம்போல நன்றி நன்றி என்று குரல் கொடுத்தது. நான்தான் முதலில் கண்டுகொண்டேன். மூலையில் எசெதாவின் வெளுத்த பின்னல். அந்த மூலையைப் பிடித்திருந்தது லித்தியா. வளர்ந்துவிட்டாள். இடது பக்கம் முடியை முன்னால் விட்டிருக்கிறாள்.

பௌலி சொன்னார்: "இதுக்கடியிலதான் அவர் எங்க வாசல்ல நனைஞ்சாரு. இதோடயே போகட்டும்." பெட்டி மேல் போர்த்தினார்கள்.

செமுவை இரண்டு காவலர்கள் கூட்டி வந்திருந்தார்கள். இளைத்திருக்கிறான். தகப்பன் காலடியில் உட்கார்ந்து அந்தப் பின்னலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

வாலிபர்கள் சார்பில் எனோசா பேசினான். சிறு வயதிலிருந்து அவர் கையால் கிழங்கு தின்றது, செமுவும் தானும் ஒரே கைலியை மாற்றி மாற்றிக் கட்டியது. குரல் வேண்டிய இடத்தில் உடைந்தது, வேண்டிய இடத்தில் சேர்ந்தது. கிழவர்களெல்லாம் அழுதார்கள். பௌலி என் பக்கம் சாய்ந்து, "நல்லா வளத்திருக்கீங்க லேமானா" என்றார்.

குழி மூடினதும் செமு என்னிடம் வந்து முறைப்படி குனிந்தான். காவலர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"போன மாசம் வந்தப்பவும் அப்பா கேட்டாரு. நெசமாவே நீதான் எறிஞ்சியாடான்னு. ஒவ்வொரு மாசமும் கேப்பாரு." மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆமான்னேன். நீங்க கவலைப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்லல."

எனக்குத் தெரியும் என்று அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும்? வண்டியில் பாயோடு ஏறின அன்றிலிருந்தா?

அஃபேலே தன் மகன்தான் ஒரு பெண்ணின் கண்ணை எடுத்தான் என்று நம்பியே செத்திருக்கிறான்.

வீட்டுக்கு வரும் வழியில் எனோசா கேட்டான், "பேச்சு எப்பிடி இருந்துச்சுப்பா?" நன்றாக இருந்தது என்றேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பெரியப்பா மகன்கள் வந்தார்கள். ஆக்லாந்திலிருந்து அடக்கத்துக்கு வந்த தம்பி குடும்பமும் இருந்தது. தம்பி மகள், ஏழு வயசு, என் மடியில் ஏறிப் புருவத்தைத் தொட்டு இது என்ன என்றாள்.

எனோசாவே தொடங்கினான். "அதுவா, உன் பெரியப்பா அந்தக் காலத்துல பேக்கரி முக்குல..."

"இல்ல" என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள்.

"மரத்துலேர்ந்து விழுந்தேன். ஈரப்பலா மரம்."

சிரித்தார்கள். பெரியப்பா மகன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான், முப்பது வருஷமாக எங்களை ஏமாற்றியிருக்கிறாயே என்று. எசெதா சிரிக்கவில்லை. சாப்பிடுங்க ஆறுது என்றும் சொல்லவில்லை.

எனோசாவும் சிரிக்கவில்லை. "பஸ்ஸு?" என்றான்.

"பஸ்ஸு அது பாட்டுக்குத் திரும்பிப் போச்சு. மத்தவங்க எறிஞ்சாங்க. நான் மீன் கூடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். நான் எதையும் எறிஞ்சதில்லடா."

நேற்று அத்தனை பேர் முன்னால் தடுமாறாமல் பேசினவன். வாய் கோணிக்கொண்டது. சின்னப் பிள்ளையில் கீழே விழுந்தால் அழுவதற்கு முன்னால் அப்படித்தான் கோணும்.

"அப்ப எறிஞ்சது நான் மட்டும்தானா?"

சிரிப்பு நின்றுபோனது. பௌலி மகளின் கண், செமு, அஃபேலே, எல்லாம் அந்தச் சாப்பாட்டுப் பாயில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தம்பி ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான்.

"ஆமா" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

எனோசா தட்டை வைத்துவிட்டு எழுந்து கடல் பக்கம் போனான்.

19 ஆகஸ்ட், திங்கள்

விடியும்போது அவன் படுக்கை காலி. வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

எசெதா பார்த்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினானாம். ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றானாம். அவ்வளவு தூரம் எப்படிப் போவாய் என்று கேட்டதற்கு, நடந்து போகிறேன் என்றானாம். "அப்பாவோட வண்டில வேண்டாம்மா."

நடந்தால் நாலு மணி நேரம். இப்போது கிளம்பினால் அவன் பாலத்தைத் தாண்டுவதற்குள் பிடித்துவிடலாம். ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிக்கொண்டால் திருப்பிக் கூட்டி வந்தும் விடலாம். என்னை எனக்குத் தெரியும்.

வாசலில் சந்தைக்காரப் பெண்கள் கூடையோடு நின்று சத்தம் போடுகிறார்கள். இன்று வண்டி எடுக்கவில்லை.